பழைய ஆர்15க்கு 'போர் அடிக்கணும்'னு சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க

பாபநாசம், கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய யமஹா ஆர்15 முதல் வெர்ஷன் வாங்கி ரெடி பண்ணலாம்னு இருக்குற தம்பிங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எனக்கு ஆனது உங்களுக்கு ஆக வேணாம். போர் அடிக்கிறதுன்னா சிலிண்டர உள்பக்கமா கடைஞ்சு அகலமாக்கி, அதுக்கேத்த பெரிய பிஸ்டன் போடுறது.

2008ல இந்த வண்டி வந்தப்போ நான் பிளஸ் ஒன். அப்போ வாங்க முடியல. போன குறுவை நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்ட காசு வந்ததும் அப்பாவே "உனக்குன்னு ஏதாச்சும் வாங்கிக்கடா"ன்னாரு, 34,000க்கு ஒரு 2009 மாடல் செகப்பு கலர் எடுத்தேன். 15 வருஷம் முடிஞ்ச வண்டிதான், ஆனா ஆர்சி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சிருந்தாங்க, பேர் மாத்துறதுலயும் பிரச்சனை இல்ல. டயர், செயின் செட், ஃபோர்க் ஆயில் சீல் எல்லாம் மாசம் ஒண்ணா நானே மாத்திட்டு வந்தேன். ஒரே ஒரு குறைதான், காலைல ஸ்டார்ட் பண்றப்போ கொஞ்ச நேரம் நீலமா புகை வரும், அப்புறம் நின்னுரும். நாள் பூரா ஓட்டுனாலும் புகை கிடையாது. இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி சொல்றேன்.

கும்பகோணத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். பேர் போடல. அந்தண்ணன் ரெண்டு தடவ ஆக்சிலேட்டர முறுக்கிப் பாத்தாரு, அவ்வளவுதான், கம்ப்ரஷன் கூட செக் பண்ணல.

"பிஸ்டன் ரிங்கு போயிருச்சு தம்பி. 0.50 போர் அடிச்சு புது பிஸ்டன் போட்டா வண்டி புதுசாயிரும்."

"கம்பெனி பிஸ்டன் தானேண்ணே?"

"ஒரிஜினல்தான் தம்பி, டூப்ளிகேட் சாமானே நம்ம கடைக்குள்ள வராது."

நானும் சரின்னுட்டேன். ஏன்னா எங்க வீட்டுல சித்தப்பா ஆர்எக்ஸ் 100 வச்சிருந்தாரு, அதுக்கு போர் அடிக்கிறதெல்லாம் சாதாரணம், சிலிண்டருக்கு உள்ள லைனர்னு ஒரு இரும்புக் குழாய் இருக்கும், 0.25, 0.50ன்னு ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கிப் போட்டுக்கிட்டே போகலாம். எல்லா வண்டியும் அப்படித்தான்னு நெனச்சேன். மொத்தம் 14,500. பில்லு கேட்டா "நமக்குள்ள எதுக்கு தம்பி பில்லு"ன்னாரு, ஜிபே கூட அவரு நம்பர் இல்ல, மச்சான் நம்பருக்குப் போடச் சொன்னாரு. பழைய பிஸ்டன் கேட்டேன், "எங்கயோ கெடக்கு, அப்புறம் தரேன்".

400 கிலோமீட்டர் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை கங்கைகொண்ட சோழபுரம் கெளம்புனோம், பின்னாடி அத்தை பையன். திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரை ரோடு, பாதி ரோட்டுல நெல்லு காயுது, பின்னாடி மணல் லாரி வருது. வேகம் 60தான் இருக்கும். திடீர்னு எஞ்சின் சத்தம் கட்டையா மாறுச்சு, யாரோ பின்னாடி இழுத்துப் புடிச்ச மாதிரி வண்டி இழுத்து, பின் சக்கரம் அப்படியே லாக் ஆகி நெல்லு மேல வழுக்க ஆரம்பிச்சுருச்சு. எந்த யோசனையும் இல்லாம கை கிளட்ச்ச புடிச்சதால சக்கரம் விட்டுச்சு, ஓரமா எறக்கிட்டேன். லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே ஒட்டிப் போச்சு. அத்தை பையனுக்குக் கை நடுக்கம் நிக்கவே இல்ல. பழைய வண்டி ஓட்டுறவங்க எல்லாரும் எடது கை ரெண்டு விரல கிளட்ச் மேலயே வச்சு ஓட்டுங்க, எஞ்சின் புடிச்சா அதுதான் உயிர காப்பாத்தும்.

குட்டியானைல ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்து ஆயில எறக்குனா, பால் ஊத்துன காபி கலர்ல வருது. கூலண்ட் ஆயில்ல கலந்துருக்கு. அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணா "நீ ரேஸ் விட்டுருப்ப தம்பி, புது பிஸ்டன் பழகுற வரைக்கும் மெதுவா ஓட்டணும், அந்த ரன்னிங் இன்ல யாரு முறுக்கச் சொன்னா"ங்கிறாரு.

அப்புறம் தஞ்சாவூர்ல ஒரு வயசான லேத்துக்காரர்கிட்ட சிலிண்டர் பிளாக்க கழட்டி எடுத்துட்டுப் போனேன். அவரு ஒண்ணும் பேசல. பழைய ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தம் ஒண்ணு வச்சிருந்தாரு, அத சிலிண்டருக்கு உள்பக்கமா கொண்டு போனாரு, டக்குன்னு ஒட்டிக்கிச்சு.

"ஒட்டக் கூடாதுப்பா. இந்த வண்டிக்கு உள்ள இரும்பே கிடையாது."

அப்போதான் வெளக்கமா சொன்னாரு. ஆர்15 சிலிண்டர் முழுக்க அலுமினியம், யமஹா டயாசில்னு சொல்றது, சிலிக்கான் 20 சதவீதம் கலந்து வார்த்தது. லைனர் கிடையாது, பிஸ்டன் நேரா அந்த சிலிக்கான் மேலதான் ஓடும். அது தேயறதே கஷ்டம், அப்படியே தேஞ்சாலும் போர் அடிக்க முடியாது, கம்பெனி ஓவர்சைஸ் பிஸ்டனும் போடல, பிளாக்கயே மாத்தணும். அந்தக் கும்பகோணத்துக்காரர் என்ன பண்ணிருக்காருன்னா ஒரிஜினல் பரப்பக் கடைஞ்சு தூக்கி எறிஞ்சுட்டு, ஸ்லீவ்ங்கிற ஒரு இரும்புக் குழாய எறக்கி, ஏதோ லோக்கல் பிஸ்டன் போட்டிருக்காரு. அலுமினியம் சூட்டுல இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். ஸ்லீவ் இறுக்கம் கணக்கா இல்லன்னா சூடானதும் லூசாகிரும், வெப்பமும் வெளிய போகாது. என் விரல புடிச்சு சிலிண்டர் மேல் விளிம்புல வச்சு தடவச் சொன்னாரு. நகத்துல படிக்கட்டு மாதிரி தட்டுது. ஸ்லீவ் கீழ எறங்கியிருக்கு, கேஸ்கெட் புடிமானம் போயி தண்ணி உள்ள வந்துருக்கு.

ஸ்லீவ் அடிக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல, அளவெடுத்து சுத்தமா செய்யுறவங்க இருக்காங்க. ஆனா சொல்லிட்டுச் செய்யணும். 'போர்'னு சொல்லி காசு வாங்கிட்டு ஸ்லீவ் அடிக்கிறது ஏமாத்துதான்.

இதெல்லாத்தையும் விட எனக்கு நெஞ்சுல நிக்கிறது வேற. காலைல மட்டும் புகை வருதுன்னு சொன்னதும் லேத்துக்காரர் "அது வால்வு சீல்பா"ன்னாரு. ராத்திரி பூரா ஆயில் வால்வு வழியா சொட்டி நிக்கும், ஸ்டார்ட் பண்ணதும் எரியும், அவ்வளவுதான். ரிங்கு போயிருந்தா ஓட்டுறப்போ, ஆக்சிலேட்டர் குடுக்குறப்போ விடாம வரும். அப்போ என் சிலிண்டருக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துருக்கலாம். நாலு சின்ன ரப்பர் சீல்ல முடிய வேண்டிய வேல... நல்லா இருந்த சிலிண்டர கடைஞ்சு போட்டுட்டாங்க, அது இனி திரும்ப வராது.

புது பிளாக், பிஸ்டன், ரிங், கேஸ்கெட், வால்வு சீல், கூலின்னு வண்டி வாங்குன வெலையில பாதி போயிருச்சு. பிளாக் ஆர்டர் போட்டு வர்றதுக்கே மூணு வாரம். இந்தத் தடவ கூலண்ட் கேன் வாங்கித்தான் ஊத்துனேன், நம்ம பக்கம் போர்வெல் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துற பழக்கம் நெறைய இருக்கு, உப்புத் தண்ணி, உள்ள படிஞ்சு அடைச்சுரும், செய்யாதீங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடலாம், 5 லட்சத்துக்குள்ள இருந்தா மனுவுக்குக் கட்டணம் இல்ல. ஆனா என்கிட்ட பில்லு இல்ல, ஜிபே மச்சான் பேருல இருக்கு, இருக்குறது லேத்துக்காரர் எழுதிக் குடுத்த காயிதமும் அந்த ஸ்லீவும் தான். நீங்க எஞ்சின் பிரிக்கக் குடுத்தா பக்கத்துலயே நில்லுங்க, போட்டோ எடுங்க, கழட்டுன சாமான அன்னைக்கே பையில போட்டு வாங்கிருங்க, காச கடைக்காரர் பேருக்கு மட்டும் போடுங்க.

என் ஒரிஜினல் பிஸ்டன் இன்னும் அந்தக் கடையிலதான் இருக்கு. நேத்தும் போயி கேட்டேன். "தேடிப் பாக்குறேன் தம்பி, நாளைக்கு வா"ன்னாரு.