கோதாவும் நீச்சல் குளமும்: முதுநகரின் பழைய தேகப்பயிற்சிக் கூடம்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் பிரியும் ஒரு சந்தில், என் தாத்தா தண்டால் எடுத்த தேகப்பயிற்சிக் கூடம் இன்றும் விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கப்படுகிறது. தோள்பட்டை இறுகிப்போய்ச் சட்டை மாட்டவே சிரமப்பட்ட நான், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஆறு மாதங்களாக அங்கே போய் வருகிறேன். என் மகள் நீச்சல் பழகுகிறாள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது கூடத்தின் ஓட்டுக்கூரையில் பாதி பறந்துவிட்டது. உறுப்பினர்கள் பணம் போட்டு அந்தப் பாதிக்குத் தகரம் வேய்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் அதன் அடியில் நிற்க முடியாது என்பதால் எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது.

சுவரோரமாகக் கர்லாக்கட்டைகள் எடை வரிசையில் நிற்கின்றன. தலைமுறைகளின் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கைப்பிடிகள் நடுவில் குழிந்திருக்கின்றன. வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் தடவித் துடைக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுபோன இந்தக் கட்டையைச் சுழற்றுவது 1904, 1932 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளில் போட்டியாகவே நடந்திருக்கிறது. இங்கே அது காட்சிப் பொருளாக இல்லாமல், என்னைப் போன்ற ஐம்பது வயதுக்காரரின் தோளைத் திறக்கப் பயன்படுகிறது என்பதுதான் எனக்குப் பெரிது. வாத்தியார் முதல் நாள் ஆகச் சிறிய கட்டையைக் கொடுத்து, "கையால சுத்தாதீங்க சார், தோளு தானா போவட்டும்" என்றார். மூன்று வாரம் கெஞ்சியும் அடுத்த கட்டையைத் தரவில்லை. இன்று என்னால் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக முடிகிறது.

மல்யுத்தம் பழகும் மண்களமான கோதாவிலிருந்து பத்தடி நடந்தால் குளம். மோரும் மஞ்சளும் நல்லெண்ணெயும் விட்டுப் பதப்படுத்திய செம்மண்ணில் புரண்டெழுந்த பிள்ளைகள் அப்படியே தண்ணீரில் குதித்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே சேரும்போது எனக்கிருந்த பெரிய கவலை. குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடையைக் குளோரின் நிறையப் போட்டதன் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அப்படி நாறுகிறது. கண் எரிச்சலுக்கும் அதுவே காரணம். ஆகவே வாடை வீசும் குளத்தைச் சுத்தமான குளம் என்று நம்பிவிடக் கூடாது. இந்தக் கூடத்தில் குழாயடியில் ஒரு பெரியவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சீயக்காய் தேய்த்துத் தலை முதல் கால் வரை குளித்தவரை மட்டுமே உள்ளே விடுகிறார். நான் போன நாட்களில் எல்லாம் தண்ணீரில் வாடையே இல்லை. குளத்தின் அடித்தளத்துச் செங்கல் வரிசையை மேலிருந்தே எண்ண முடிந்தது. காலையில் சோதித்த குளோரின் அளவையும் காரகாடித் தன்மையையும் (pH) கரும்பலகையில் எழுதுகிறார்கள். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும், காரகாடித் தன்மை 7.2 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும்; பலகையில் நான் பார்த்த எண்கள் அதற்குள்ளேயே இருந்தன.

நீச்சல் சொல்லித்தரும் முறையிலும் குறை சொல்ல முடியாது. என் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். இங்கே முதல் வாரம் முழுவதும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சை விடுவது மட்டும்தான் பாடம். மகளுக்கு அந்தப் பாடத்திலேயே பயம் போய்விட்டது.

இத்தனை நன்றாக நடத்துகிறவர்கள் பெண்களுக்கு ஒதுக்கியிருப்பது ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் மட்டுமே என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் ஒன்றாக மூழ்கி இறந்தார்கள். ஆறும் கடலும் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் நீச்சல் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கலையாக இருக்கக் கூடாது. உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்பதால் என் மகளோடு வந்த இரண்டு பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டார்கள். இரண்டையும் நிர்வாகிகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாழ்ப்பாளைச் சென்ற வாரம் மாற்றிவிட்டார்கள், நேரத்தைக் கூட்டுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சேர விரும்புகிறவர்கள் விடியற்காலையில் நேரில் போய் வாத்தியாரைப் பார்க்கலாம். துண்டும் மாற்றுடையும் சீயக்காயும் கையோடு கொண்டுபோங்கள். மகளைச் சேர்க்க நினைப்பவர்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் பழகுநருக்கு ஆழம் குறைந்த பக்கத்தில் இடம் கிடைப்பதில்லை.