மடக்கு நாற்காலி: கைப்பிடிக்கு நூறு, கொக்கிக்குப் பூஜ்யம்

கீமோ முடிந்து ஆறு வாரம். நிதி திரட்டும் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் தோழிகள் ஓடினார்கள்; ஓரமாக உட்கார்ந்து கத்துவதற்காகவே இதை வாங்கினேன். எடை இரண்டரை கிலோ, தோளில் மாட்டினால் தெரியவே இல்லை. ஆனால் பூட்டுக் கொக்கி மகா மோசம். கீமோவில் கொடுத்த பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தால் விரல் நுனிகள் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. அந்தச் சின்னப் பிளாஸ்டிக்கை அழுத்தினேனா இல்லையா என்றே புரியவில்லை. பக்கத்தில் நின்ற பையன்தான் விரித்துக் கொடுத்தான்.

கைப்பிடி அருமை. தோழிகள் வளைவில் திரும்பியதும் அதை ஊன்றித்தான் சட்டென்று எழுந்தேன். தொப்பி பறந்து மொட்டைத் தலை தெரிந்தது, சரி, போகட்டும். குடை செருக இடமில்லை. சிகிச்சைக்குப் பிறகு என் தோல் வெயிலைத் தாங்குவதில்லை. அப்புறம், கொக்கியில் ஒரு நாடா கட்டிவிட்டேன். இப்போது இழுத்தால் திறக்கிறது.