பூஞ்சை பிடித்த புத்தகம்: தூரிகையா, ஹெப்பா வேக்குவமா?

தூரிகையால் தட்டினால் பூஞ்சை வித்துகள் காற்றில் எழும்பி நேரே மூக்குக்கு வரும். பூஞ்சை செத்திருந்தாலும் வித்து ஒவ்வாமையைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97% பிடிக்கும். பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. அதனால் என் தேர்வு இந்த வடிகட்டி பொருத்திய வேக்குவம்தான். சாதாரண வீட்டு வேக்குவம் மட்டும் வேண்டவே வேண்டாம்: உறிஞ்சிய வித்துகளைப் பின்பக்கக் காற்றோடு அறை முழுக்க ஊதிவிடும்.

வேக்குவத்தின் குறை அதன் இழுவிசை. நைந்த தாளின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். இழுவிசையைக் குறைத்து, குழாய் வாயில் மெல்லிய நைலான் வலையைக் கட்டுங்கள். பொடிந்த தாளில் குழாயை வைக்காமல், மென்மயிர்த் தூரிகையால் புத்தக முதுகுப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, பூஞ்சையைக் குழாய் வாய்க்குள் தள்ளிவிடுங்கள். தூரிகைக்கு உரிய இடம் இதுதான்.

எதுவானாலும் பூஞ்சை முதலில் காய்ந்திருக்க வேண்டும். பிசுபிசுப்பாக இருக்கும்போது தேய்த்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். என்95 முகமூடி, நைட்ரைல் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி மூன்றும் கட்டாயம். துணிக் கையுறை தூசியைத் தேக்கி வைத்து அடுத்த புத்தகத்துக்குக் கடத்தும்.

19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை என்றால் தூரிகை, வேக்குவம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சாயத்தில் ஆர்செனிக் இருக்கலாம், உரசினாலே உதிரும். கையுறையோடு எடுத்து, பாலித்தீன் பையில் மூடி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டித் தனியே வையுங்கள்.