விவாதிக்கக் கூடுவதா, எழுதக் கூடுவதா? உள்ளூர் எழுத்தாளர் வட்டத்துக்கு இரண்டு வழிகள்

உள்ளூரில் எழுத்தாளர் வட்டம் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் வீட்டில் எழுதியதைக் கொண்டுவர, மற்றவர்கள் அதைப் படித்துக் கருத்துச் சொல்லும் விமரிசனக் கூட்டம் ஒன்று. எல்லோரும் ஓர் அறையில் கூடி, இரண்டு மணி நேரம் பேச்சில்லாமல் அவரவர் கதையையோ கட்டுரையையோ எழுதிவிட்டுக் கலையும் எழுத்தமர்வு மற்றொன்று. திருச்சியில் நாங்கள் சிலர் முதல் வகையில் தொடங்கி, இரண்டையும் பார்த்துவிட்டு, இப்போது எழுத்தமர்வையே முதன்மையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊக்கம் குன்றாமல் தொடர்ந்து எழுதுவதுதான் வட்டத்தின் நோக்கம் என்றால் எழுத்தமர்வே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

விமரிசனக் கூட்டத்தின் நன்மைகள் யாவரும் அறிந்தவை. எழுதியவர் கண்ணுக்குத் தட்டுப்படாத ஓட்டையை இன்னொருவர் காட்டிவிடுவார். வட்டார வழக்கு பிசகினால் அந்தப் பக்கத்துக்காரர் திருத்துவார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் மில்ஃபோர்டு என்னும் ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் 1956இல் தொடங்கிய பயிலரங்கு, இத்தகைய கூட்டங்களுக்கு ஒரு நல்ல ஒழுங்கைத் தந்தது. வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் முறைவைத்துப் பேச, கதையை எழுதியவர் குறுக்கே பேசாமல் கேட்டிருந்து, எல்லோரும் முடித்த பிறகே பதில் சொல்ல வேண்டும். விமரிசனக் கூட்டத்தைத்தான் நடத்துவது என்று முடிவு செய்பவர்கள் இந்த ஒரு விதியையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கூட்டங்களில் கதையை விட்டுவிட்டு ஆளைப் பற்றிய பேச்சாக முடியும் வாக்குவாதங்கள் இதனால் பெருமளவு குறையும்.

தமிழில் இலக்கியக் கூட்டம் என்றாலே நாம் விமரிசனக் கூட்டத்தைத்தான் நினைக்கிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. திருவரங்கம் கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே இருக்கும் மண்டபத்தில் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றினார் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறோம். சென்னையில் 1970இல் தொடங்கப்பட்ட இலக்கியச் சிந்தனை என்னும் அமைப்பு, மாதந்தோறும் கூடி, இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பணியைப் பல ஆண்டுகள் செய்தது. காலமும் நோக்கமும் வேறானாலும், இவை இரண்டிலும் அவைக்கு வருவது எழுதி முடிக்கப்பட்ட படைப்பு. அதை முடிக்கும் வரை எழுதுபவர் தனியாகத்தான் இருந்தாக வேண்டும் என்பது நம் மரபில் ஊறிப்போன எண்ணம். ஆனால், உள்ளூர் வட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் தடுக்கிவிழும் இடம் அந்தத் தனிமையே. அலுவலகம், கடை, வகுப்பறை, சமையலறை என்று நாள் முழுதும் வேறு வேலையில் கழித்துவிட்டு, இரவில் தானாக உட்கார்ந்து எழுத முடியாதவர்களே வட்டம் தேடி வருகிறார்கள்.

இரண்டு வழிகளையும் ஒப்பிட நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த மாதம் ஒரு வரிகூட எழுதாதவர், அடுத்த கூட்டத்துக்கு வர இடம் இருக்கிறதா? விமரிசனக் கூட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. யாரும் வராதே என்று சொல்வதில்லை. ஆனால் மற்றவர்கள் கதையோடு வரும்போது வெறுங்கையோடு போய் உட்கார அவருக்கே கூச்சமாக இருக்கும். முதல் முறை உடல்நலம், இரண்டாம் முறை உறவினர் வீட்டுத் திருமணம் என்று வராமல் இருந்தவர் மூன்றாம் முறை காரணம் சொல்வதையும் நிறுத்திவிடுவார். ஆக, எழுத்து நின்றுபோய், யாருக்கு வட்டத்தின் துணை மிகவும் தேவைப்படுகிறதோ அவரையே அந்த அமைப்பு வெளியே தள்ளிவிடுகிறது. ஏற்கெனவே தாமாக எழுதக்கூடியவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். அவர்களும் ஆள் குறைவதைப் பார்த்துச் சோர்ந்துபோவார்கள். எழுத்தமர்வில் இது தலைகீழாகிறது. எழுதாமல் இருந்தவர் வருவதற்கு எழுதாமல் இருந்ததே போதிய காரணம். அவர் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை, எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வந்து அமர்ந்தால் போகும்போது கையில் ஒரு பக்கமாவது இருக்கும். இடையில் சில வாரம் வராதவரும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை, அவராலும் யாருடைய முறையும் தவறவில்லை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். எட்டுப் பேர் கொண்ட வட்டம் மாதம் ஒருமுறை கூடி, இரண்டு கதைகளை நியாயமாக விவாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு மேல் எடுத்தால் விவாதம் மேலோட்டமாகிவிடும். அப்படியானால் ஒருவருடைய முறை நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆண்டுக்கு மூன்று கெடுக்கள் ஒருவரை எழுத வைக்கப் போதாது. அந்த நான்கு மாதத்தில் அவர் மற்றவர்களுடைய கதைகளைப் படித்துக் குறிப்பெடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருப்பார். அது பயனுள்ள வேலைதான்; ஆனாலும் எழுதுவதற்கென்று வீட்டில் கிடைக்கும் சொற்ப நேரத்திலிருந்துதான் அந்த நேரமும் கழிகிறது. எழுத்தமர்வை வாரம் ஒருமுறை வைத்தாலும் அது கேட்பது அந்த இரண்டு மணி நேரத்தை மட்டுமே. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது.

நடத்தும் முறை எளிது, ஆனால் கண்டிப்பு வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் இன்று எதை எழுதப் போகிறேன் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்கிறார்கள். இப்படிச் சொல்லிவிட்ட பிறகு வேறு வேலை பார்க்க மனம் வராது. பிறகு முக்கால் மணி நேரம் எழுத்து, கால் மணி நேரம் தேநீர், மீண்டும் முக்கால் மணி நேரம் எழுத்து. பலரும் பரிந்துரைக்கும் இருபத்தைந்து நிமிடத் தவணை கதை எழுதுவதற்குப் போதாது. ஒரு காட்சி பிடிபடுவதற்கே பதினைந்து நிமிடம் போய்விடும். முடிவில் விருப்பமுள்ளவர் ஒரு பத்தியை வாசிக்கலாம். அதற்கு யாரும் கருத்துச் சொல்லக் கூடாது, பாராட்டும் கூடாது. பாராட்டை அனுமதித்தால் அடுத்த வாரம் பாராட்டு வாங்குவதற்கான பத்தியைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். கைப்பேசிகளை வாங்கி வைத்துவிடுவதும் நடைமுறைக்கு ஒவ்வாது, ஏனென்றால் பலர் இன்று கைப்பேசியில்தான் எழுதுகிறார்கள். இணையத்தை அணைத்துவிடச் சொன்னால் போதும். குரல்வழித் தட்டச்சுக்குப் பழகிய மூத்த உறுப்பினர்களுக்கு மட்டும் பேச்சற்ற அறை உண்மையிலேயே இடைஞ்சல். அவர்களுக்குத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருவதைவிட நல்ல தீர்வு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தமர்வை உலகம் முழுதும் பரப்பியதில், 1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 பேருடன் தொடங்கிய, ஒரே மாதத்தில் ஒரு நாவலை எழுத முயலும் நானோரைமோ இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொற்கள் என்பது அதன் இலக்கு. ஊர்தோறும் நூலகங்களிலும் காப்பிக் கடைகளிலும் சேர்ந்து அமர்ந்து எழுதினார்கள். அதை நடத்திவந்த நிறுவனம் 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டாலும், சேர்ந்து அமர்ந்து எழுதுவதற்கு அந்த நிறுவனம் தேவையில்லை. ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் என்ற அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவது தவறு. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் அதே அளவு பொருளைக் குறைந்த சொற்களில் எழுதிவிடுகிறோம். ஓர் அமர்வுக்கு முந்நூறு, நானூறு சொற்கள் என்றால் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தகும். கையால் எழுதுகிறவர்கள் பக்கக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு இருப்பதால் நூலகரிடம் பேசினால் வழி பிறக்கும். சத்தமில்லாத கூட்டம் என்பதால் எழுத்தமர்வுக்கு இசைவு கிடைப்பது சற்று எளிது. செலவிலும் எழுத்தமர்வே சிக்கனம்: கதைக்கு எட்டுப் படி ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக வாட்ஸப் குழுவைச் சிலர் முன்வைக்கிறார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று அறிவிக்க அது போதும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். முழுக் கதையை அங்கே பகிர்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படைப்பு வேறெங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும் என்று இதழ்களும் போட்டிகளும் கேட்கின்றன. பலர் கைக்குப் போய்விட்ட கோப்பு எங்கே போய்ச் சேரும் என்பதை எழுதியவர் கட்டுப்படுத்த முடியாது.

எழுத்தமர்வின் குறை வெளிப்படையானது: எழுதியது நன்றாக இல்லை என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே வகைக் கதையை ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கலாம். அறையில் உள்ள எவருக்கும் அது தெரியாது. இதற்காக விமரிசனக் கூட்டத்தை நாங்கள் முற்றிலும் கைவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கதையை முடித்துவிட்டு, படித்துப் பாருங்கள் என்று தாமாகக் கேட்கிறவர்களுக்காக மட்டும் அது நடக்கிறது. யாருக்கும் கட்டாய முறை கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் மட்டும் வைக்கக் கூடாது. பேச்சுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினாலும், அது வளர்ந்து எழுத்துக்கான நேரத்தைத் தின்றுவிடும்.

நான் உரைநடை எழுதுகிறவன். மேற்சொன்ன யாவும் சிறுகதை, கட்டுரை, நாவல் எழுதுகிறவர்களோடு இருந்த அனுபவத்திலிருந்து வந்தவை. கவிஞர்களுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்களோடு அமர்ந்த கவிஞர்கள் பழைய வரிகளைத் திருத்துவதற்கே அந்த நேரத்தைப் பெரிதும் பயன்படுத்தினார்கள், அதுவே தங்களுக்குப் போதும் என்றார்கள். நாங்கள் கூடும் ஞாயிறு காலை என்ற நேரமும் எல்லோருக்கும் உகந்ததன்று. வீட்டுப் பொறுப்புகள் மிகுந்த பெண்கள் பலருக்கு வாரத்திலேயே மிகக் கடினமான பொழுது அதுதான். அவர்களில் சிலர் வார நாள் பிற்பகலில் தனியாக ஓர் அமர்வைத் தொடங்கியிருக்கிறார்கள், ஆனால் அது எப்படி நிலைக்கும் என்று சொல்ல இன்னும் காலம் வேண்டும். கையில் முடிந்த நாவலின் முதல் படியை வைத்துக்கொண்டு, திருத்துவதற்குக் கண்கள் தேடுகிறவர் என்றால், அவர் எழுத்தமர்வுக்கு வந்து காத்திருக்காமல் நல்ல விமரிசனக் கூட்டம் ஒன்றில் முதலில் சேர்வதே சரி.