பெரிய எழுத்து வேதாகமம், பாமாலை, கீர்த்தனை: மூன்றும் ஒரே உறையில்

ஜிப் வைத்த உறை. உள்ளே பெரிய எழுத்து வேதாகமம், அதன் பின்னால் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும், நம் ராகத்தில் பாடும் கீர்த்தனையும். பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் அம்மாவுக்காக வாங்கினேன். ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கடைக்காரர் உறையின் தோலையே புகழ்ந்துகொண்டிருந்தார். நான் பாட்டுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேதாகமம் எங்கள் கோயிலில் வாசிக்கும் அதே பழைய மொழிபெயர்ப்புதான், 1871இல் பவர் ஐயர் (ஹென்றி பவர் என்ற மிஷனெரி) குழு முடித்தது. அதற்கு நான் என்ன மதிப்புரை எழுத? எழுத்து பெரியது, கண் ஆபரேஷன் முடிந்த அம்மா கண்ணாடியோடு சிரமமில்லாமல் வாசிக்கிறார்கள். அது போதும்.

பாட்டுப் பகுதியைத்தான் நான் கறாராகப் பார்ப்பேன். பெஞ்சில் இருக்கிறவர் வாய் திறக்க அது உதவுகிறதா? கோயிலுக்குப் போவது பாடகர் குழுவைக் கேட்டுவிட்டு வருவதற்கு என்றால் புத்தகமே வேண்டாம், காது போதும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 14ஆம் அதிகாரத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்: விளங்காத பாஷையில் நீ ஸ்தோத்திரம் செய்தால், பக்கத்தில் இருக்கிற கல்லாதவன் எப்படி ஆமென் சொல்லுவான்? அந்த ஆளின் ஆமென் இல்லாமல் ஆராதனை முடிவதில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பாட்டு எண்கள், அன்றைய பாட்டுகளின் எண்ணைக் காட்டும் எங்கள் கோயில் பலகையோடு சரியாகப் பொருந்துகின்றன. சாதாரண விஷயமாகத் தெரியலாம். எண் மாறியிருந்தால், மற்றவர்கள் இரண்டாம் சரணத்தில் இருக்கும்போது நாம் அட்டவணையில் இருப்போம். கீர்த்தனைகளுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கிறார்கள், நல்லது. பாமாலையில் மெட்டின் பெயர் இல்லை. ஆர்கன் வாசிப்பவர் முகம் சுளிப்பார், அம்மாவுக்கு அதனால் நஷ்டமில்லை. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ்ச் சொல் வைத்துப் பாடினார்கள். அப்புறம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்றவர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் சங்கீதத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே ஞாயிறில் ஒரே வாயில் வருவது எங்களுக்குப் பழகிப்போனது. கீர்த்தனையில் முதல் இரண்டு சரணம் எல்லாருக்கும் மனப்பாடம். நான்காவதில்தான் குரல்கள் மெலியும், அங்கேதான் பெரிய எழுத்து கைகொடுக்கிறது.

பாட்டு வரிகளைக் காட்டும் திரையும் இதைச் செய்யுமே என்பீர்கள். எங்கள் கோயிலிலும் திரை வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி பாட்டில் லயித்துவிட்டால் அடுத்த சரணம் வராது. மைக் சத்தம் வேறு. பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறார்கள்.

குறைக்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தில் ஆராதனை ஒழுங்கு, அதாவது குருவானவரும் சபையாரும் மாறி மாறிச் சொல்லும் வார்த்தைகள், இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனைக்கு) தனக்கென ஓர் ஒழுங்கை அது எழுதிக்கொண்டது. அதில் குருவானவர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்பார். ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சொல்லும் சமாதான வாழ்த்து கைக்குக் கை, பெஞ்சுக்குப் பெஞ்சு கடந்து வரும். கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. சபையார் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் ஏராளம். அவ்வளவு யோசித்து நம் வாயில் வைத்த வார்த்தைகளை விட்டுவிட்டு, பின்பக்கம் வண்ண வரைபடங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பதில்கள் மனப்பாடம். என் மகளுக்கு இல்லை, அவள் தனிப் புத்தகம் தேடி எழும்பும்போது பாவ அறிக்கை முடிந்துவிடுகிறது.

தாள் மெல்லியது, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் ஒரு கை அதற்கே வேண்டும். கனமும் அதிகம், நின்று பாடும்போது அம்மா முன் பெஞ்சின் சாய்மானத்தில் ஊன்றிக்கொள்கிறார்கள். ஜிப் உறுதியானது, சத்தமும் உறுதியானது. பிரசங்கம் நீளும் நாளில் நாலைந்து ஜிப்புகள் சேர்ந்து மூடும் ஓசை குருவானவருக்கு நன்றாகப் புரிகிறது.

வீட்டில் ஏற்கெனவே வேதாகமம் இருந்தால் பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகத்தை மட்டும் தனியாக வாங்குங்கள், விலையும் குறைவு, கையும் வலிக்காது. வயதானவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க மூன்றும் சேர்ந்தது சரிதான். அடுத்த பதிப்பில் வரைபடங்களை எடுத்துவிட்டுத் திருவிருந்து ஒழுங்கைச் சேர்த்தால், உறை ரெக்சினாக இருந்தாலும் மகளுக்கு ஒன்று வாங்குவேன்.