செல்வமகள் சேமிப்புக் கணக்கு: ஒரு தாய்மாமனின் மதிப்பீடு

தங்கைக்குப் பெண் பிறந்தால் வளையலோ சங்கிலியோ வாங்கிச் சீர் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். செய்கூலியும் சேதாரமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்த பிறகு, அந்தத் தொகையைத் தபால் நிலையத்தின் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் சேர்த்துவரத் தொடங்கினேன். சுகன்யா சம்ரிதி என்ற பெயரில் மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தை, உறவில் பெண் குழந்தை உள்ளவர்களுக்கு முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். ஆனால் குழந்தை மிகச் சிறியவளாக இருக்க வேண்டும்.

பத்து வயது நிறையாத பெண்ணின் பெயரில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ மட்டுமே கணக்குத் தொடங்க முடியும். மாமனும் தாத்தாவும் பணம் கொடுக்கலாமே தவிர, கணக்கைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ள இயலாது. மாதம் 1,000 ரூபாயை நான் தங்கைக்கு அனுப்ப, அவள் கட்டிவிடுகிறாள். வருமான வரிச் சலுகை எனக்குக் கிடைக்காது. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

வட்டி விகிதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. 2020இல் 7.6 சதவீதமாக இறங்கி, 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்ந்தது. இந்த விகிதம் மாறாதிருந்தால், பணம் கட்டும் 15 ஆண்டுகளில் செலுத்திய 1.8 லட்சம் ரூபாய், கணக்கு முதிரும் 21ஆம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 5.5 லட்சமாகும், அதே 12,000 ரூபாயை ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் மொத்தமாகக் கட்டினால் இன்னும் சுமார் இருபதாயிரம் கூடும். மாதத்தின் 5ஆம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், 6ஆம் தேதி கட்டும் பணத்துக்கு அம்மாத வட்டி கிடையாது.

முதிர்வுக்கான 21 ஆண்டுகள் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, பெண்ணின் வயதிலிருந்து அல்ல. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பதினெட்டு வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, படிப்புச் செலவுக்காக முந்தைய நிதியாண்டு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். பிறந்த உடனே தொடங்கிய கணக்கில், மாதம் 1,000 ரூபாய் வீதம் கட்டியிருந்தால், பதினெட்டு வயதில் நான்கு லட்சத்துக்கு மேல் இருக்கும். கல்லூரிச் சேர்க்கைக்கு இரண்டு லட்சமாவது கைக்கு வரும். ஒன்பது வயதில் தொடங்கினால் அப்போது இருப்பதே சுமார் ஒன்றரை லட்சம்தான். பாதியை எடுத்தால் ஓராண்டுக் கட்டணத்துக்கே போதாமல் போகலாம், மீதிக்கு அவள் முப்பது வயது வரை காத்திருக்க நேரும். பதினெட்டுக்குப் பின் திருமணத்துக்காகக் கணக்கை முடிக்க விதி இடம் தருகிறது என்றாலும், படிப்பை நினைத்துச் சேமிப்பவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது. எட்டு, ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஐந்தாண்டு தேசிய சேமிப்புப் பத்திரமே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இடையில் கைவைக்க முடியாத இந்தக் கட்டுப்பாட்டை நான் நிறையாகவே கருதுகிறேன். வீட்டுச் செலவு நெருக்கும்போது நகை அடகுக்குப் போய்விடுகிறது. இந்தப் பணம் அப்படிப் போகாது. ஓராண்டு குறைந்தபட்ச 250 ரூபாயைக் கட்டத் தவறினாலும், அத்தொகையுடன் 50 ரூபாய் அபராதம் செலுத்திக் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

சேவையில் ஒரு குறை உண்டு. செயலியில் கட்டிய தவணைகள் பாஸ்புக்கில் தாமாக ஏறுவதில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு முறை கவுன்ட்டருக்குச் சென்று, மார்ச் 31 தேதியிட்ட வட்டி வரவு உட்பட எல்லாவற்றையும் பதிந்து வாங்கிவிடுமாறு தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.