ஹெபடைடிஸ் சி-யோடு வரும் லிம்போமா: முதலில் வைரஸா, கட்டியா?

ஹெபடைடிஸ் சி என்றால் கல்லீரல் நோய் என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அந்த வைரஸ் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு வகையான பி அணுக்களையும் சும்மா விடுவதில்லை. இந்தத் தொற்று நாள்பட்டு இருப்பவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு வராது. வந்தவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன: வைரஸை விரட்டும் மாத்திரையில் தொடங்குவது, அல்லது நேராகக் கட்டிக்கு ரிடுக்ஸிமாப் (பி அணுக்களைக் குறிவைக்கும் மருந்து), கீமோ என்று போவது.

எது சரி என்பது, இந்த வைரஸ் புற்றுநோயை உண்டாக்கும் விதத்தில் இருக்கிறது. இது நம் அணுவின் மரபணுவுக்குள் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வருடக்கணக்கில் உடம்பில் தங்கி, பி அணுக்களைச் சண்டைக்குத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஓய்வில்லாமல் பெருகும் அணுக்களில் ஒரு கூட்டம் ஒருநாள் கட்டுமீறுகிறது. அப்படியானால், தூண்டுவதை நிறுத்தினால் கட்டி அடங்குமா?

அடங்கும் என்று முதலில் உரக்கச் சொன்னது 2002-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு. மண்ணீரலில் மெதுவாக வளரும் ஒரு வகை லிம்போமாவும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்திருந்த 9 பேருக்கு வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். ரத்தத்திலிருந்து வைரஸ் மறைந்த 7 பேருக்கு லிம்போமாவும் முழுதாக அடங்கியது. இன்டர்ஃபெரானே கட்டியை நேரடியாகத் தாக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: அதே லிம்போமா இருந்து, வைரஸ் இல்லாத 6 பேருக்கும் அதே ஊசி, ஒருவருக்குக்கூடப் பலனில்லை. முதல் குழுவில் ஒருவருக்கு வைரஸ் திரும்பியபோது லிம்போமாவும் திரும்பியது. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான ஒப்பீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

காய்ச்சலும் மனச்சோர்வும் தந்து ஆளைச் சாய்த்த இன்டர்ஃபெரானின் காலம் முடிந்துவிட்டது. இப்போது சோஃபோஸ்புவிர் சேர்ந்த மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹெபடைடிஸ் சி-யோடு மெதுவாக வளரும் லிம்போமாவோ, நாள்பட்ட லிம்ஃபாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயோ இருந்த 46 பேருக்கு இன்டர்ஃபெரான் இல்லாமல் மாத்திரைகளே தரப்பட்டன. 45 பேருக்கு வைரஸ் ஒழிந்தது. 67 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் குறைந்தது. 26 சதவீதம் பேருக்கு முழுதாக மறைந்தது. மார்ஜினல் ஸோன் என்ற, மெதுவாக வளரும் லிம்போமா வகையில் பலன் 73 சதவீதம். லுக்கேமியா வகையில் யாருக்கும் பலனில்லை. ஆகவே லிம்போமா என்ற பொதுப்பெயர் போதாது. பயாப்ஸி அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டே ஆகவேண்டும்.

ரிடுக்ஸிமாப் வைரஸைப் பார்ப்பதில்லை. அது பி அணுக்களை அழிக்கிறது, கட்டி சுருங்குகிறது. ஆனால் தூண்டும் வைரஸ் அப்படியே இருக்கிறது, எண்ணிக்கையில் ஏறவும் செய்யலாம். அவசரமில்லாத, மெதுவாக வளரும் மார்ஜினல் ஸோன் லிம்போமாவுக்கு மாத்திரைதான் முதல் படி என்பது என் உறுதியான கருத்து. கட்டி சுருங்க மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு, கல்லீரலும் தப்பிக்கும். கிரையோகுளோபுலின் (இந்தத் தொற்றில் ரத்தத்தில் உருவாகும், குளிரில் உறையும் புரதம்) சிறுநீரகத்தைத் தாக்கினாலோ, ரத்த அணுக்கள் வேகமாகச் சரிந்தாலோ காத்திருக்க முடியாது. அங்கே ரிடுக்ஸிமாப் முந்த வேண்டும்.

வேகமாக வளரும் பெரிய பி அணு லிம்போமாவில் கணக்கே மாறுகிறது. அந்த அணுக்கள் வைரஸின் தூண்டுதல் இல்லாமலே ஓடப் பழகிவிட்டவை. மாத்திரையை மட்டும் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. ரிடுக்ஸிமாபோடு கீமோ மருந்துகளும் ஸ்டீராய்டும் சேர்ந்த ஆர்-சாப் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். வைரஸ் மாத்திரையைக் கூடவே தருவதா, முடிந்தபின் தருவதா என்பதைக் கல்லீரலின் நிலை தீர்மானிக்கும். கூடவே தரும்போது ஒரு சின்ன விஷயம் தவறிப்போகும். ஆர்-சாப்பில் ஸ்டீராய்டு இருப்பதால், வயிறு எரியாமலிருக்கப் பான்டோப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரையும் எழுதுவார்கள். சோஃபோஸ்புவிரோடு சேர்த்துத் தரப்படும் வெல்படாஸ்விர் என்ற வைரஸ் மருந்து உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கினால் அந்த மருந்து சரியாகச் சேராது. எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: ஹெபடைடிஸ் பி. முன்பு எப்போதோ வந்து உறங்கிக் கிடக்கும் பி வைரஸை ரிடுக்ஸிமாப் எழுப்பிவிடும். சி-க்கான மாத்திரைகளும் எழுப்பலாம். எதைத் தொடங்குவதானாலும் அதற்குமுன் பி-க்கான ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிட வேண்டும்.

செலவிலும் நிலைமை தலைகீழ். 2013-இல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர். இந்தியாவில் பின்னர் ஜெனரிக் மருந்துகள் வந்தன. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஹெபடைடிஸ் சி சிகிச்சை இலவசம். பி அணு லிம்போமா என்று அறிக்கை வந்த வீட்டில் யாரும் இன்னும் சி-க்கான பரிசோதனையைப் பற்றிப் பேசவில்லை என்றால், அடுத்த ஓ.பி.யிலேயே நீங்கள் கேளுங்கள்.